இந்தியாவில் கார் விலைப் பேரம்

இந்தியாவில் புதிய கார் ஒன்றின் விலையை, வாங்குபவரும் டீலர் எனப்படும் விற்பனை முகவரும் பேசிக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பழமையானதன்று. 1990-களின் பிற்பகுதியில்தான் அது பரவலாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் பேரம் இல்லை என்று சொல்ல முடியாது. பேரம் இருந்தது, ஆனால் தலைகீழாக இருந்தது. அறிவிக்கப்பட்ட விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தால் கார் கைக்கு வரும் என்பதே அன்றைய பேச்சு. வாங்குபவரின் பேச்சுத் திறமை இதில் பெரிதாக எதையும் தீர்மானித்ததில்லை. காருக்காக மனிதர் வரிசையில் நின்றனரா, மனிதருக்காகக் கார் கிடங்கில் நின்றதா என்பதே ஒவ்வொரு காலத்திலும் பேரத்தின் திசையை முடிவு செய்திருக்கிறது.

சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி ஆகியவற்றின் உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். பல இலட்சம் ரூபாய் மதிப்புள்ள காரில் அப்படி எதுவும் இருக்காது. உற்பத்தி நிறுவனம் 'எக்ஸ் ஷோரூம் விலை' என ஒன்றை அறிவிக்கிறது. முகவர் நிறுவனத்திடமிருந்து காரைத் தம் பணத்தில் வாங்கி, தமக்கான இலாபத்தை வைத்து மறுவிற்பனை செய்கிறார். சட்டப்படி அது அவருடைய சரக்கு. தம் சரக்கை எவ்வளவு குறைத்து விற்கலாம் என்பதை அவரே முடிவு செய்யலாமா என்ற கேள்வி பிற்காலத்தில் பெரிய வழக்குகளாக வளர்ந்தது.

மூன்று கார்களின் காலம்

விடுதலைக்கு முன் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றன. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இனி அனுமதி என்று 1950-களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்ததும் அவை வெளியேறின. அதன்பின் சாமானியர் வாங்கக்கூடிய கார்கள் மூன்றே. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே அவை. பிற்காலத்தில் 'பத்மினி' என்று பெயர் மாறியது இந்த ஃபியட்தான்.

எத்தனை கார் செய்யலாம் என்பதைத் தொழில் உரிமம் தீர்மானித்தது. கார் ஆடம்பரப் பொருள், அதற்கு அந்நியச் செலாவணியைச் செலவிடக் கூடாது என்பது திட்டமிடுவோரின் கருத்து. ஆகவே உற்பத்தி குறைவு, தேவை அதிகம். 1959-இல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை, கார்கள் யாருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்த முயன்றது. முகவரிடம் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே அரசு ஒதுக்கீட்டில் முன்னதாகக் கார் பெறுவோரும் இருந்தனர்.

இந்தச் சூழலில் ஒரு விந்தை நிகழ்ந்தது. புதிய காரைவிடச் சற்றே ஓடிய கார் அதிக விலைக்குப் போயிற்று. புதிய காருக்குக் கட்டுப்பாட்டு விலை உண்டு, ஆனால் அது கிடைக்காது. பழைய கார் இன்றே கிடைக்கும். அந்தக் காத்திராமைக்கான விலைதான் 'பிரீமியம்' எனப்பட்டது. முறை வந்து கார் எடுத்தவர் அதை மறுகையில் தள்ளிவிட்டால், உழைக்காமலே கணிசமான தொகை கையில் நிற்கும். மறுவிற்பனைக்குக் காலத்தடை விதித்தும் இதை முழுக்க நிறுத்த முடியவில்லை. ஓட்டுவதற்காக அல்லாமல், விற்பதற்காகவே கார் பதிவு செய்தவர்களும் இருந்தனர்.

முதலில் அரசும் உற்பத்தியாளரும் பேசி வைத்துக்கொண்ட விலையே நடப்பில் இருந்தது. 1969 செப்டம்பரில் அது சட்டபூர்வமான கட்டுப்பாடாக மாறியது. தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வெளியான விலைக் கட்டுப்பாட்டு ஆணை, மூன்று கார்களுக்கும் விற்பனை விலையை நிர்ணயித்தது. அன்று அது பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை. இந்த விலை கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. கார் விலை விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒரு காருக்கு எஃகு எவ்வளவு, கூலி எவ்வளவு, முதலீட்டுக்கு எத்தனை சதவீத வருவாய் நியாயம் என்று அது கணக்குப் பார்த்தது. 1971-இல் 'பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாய விலை என்பது வாங்குபவருக்கு மட்டுமன்றி உற்பத்தியாளருக்கும் நியாயமானதாக இருக்க வேண்டும், முதலீட்டுக்குத் தக்க வருவாய் அதில் அடங்க வேண்டும் என்றது நீதிமன்றம். கார் வாங்குபவர் வாய் திறக்காத ஒரு பேரத்தை நீதிபதிகள் தாள்தாளாக நடத்தினர் என்று இதைச் சொல்லலாம். 1970-களின் நடுவில் இந்தக் கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் வரிசை கலையவில்லை.

அக்காலத்தின் மனநிலையைக் காட்டும் இன்னொரு தீர்ப்பு 1977-இல் டாட்டா நிறுவனத்தின் லாரி விற்பனை பற்றியது. முகவர் தம் எல்லைக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனை போட்டியைக் கெடுக்கிறதா என்பதே அதில் கேள்வி. லாரிகள் தட்டுப்பாடாக உள்ளன, எல்லை வகுத்தால்தான் எல்லாப் பகுதிக்கும் சரக்கு போய்ச்சேரும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வாங்குபவர் பக்கத்து ஊர் முகவரிடம் விலை விசாரித்து ஒப்பிடுவது இன்று பேரத்தின் முதல் படி. தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த வழியே அடைபட்டிருந்தது.

மாருதி வந்த பிறகும் நீண்ட வரிசை

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வாங்கியவரிடம் ஒப்படைத்தார். விலை ஐம்பதாயிரத்தை ஒட்டியது. பதிவுக்கு முன்பணம் 10,000 ரூபாய். கார் வெளிவருவதற்கு முன்பே பதிவு செய்தோர் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நாட்டின் மொத்த ஆண்டுக் கார் உற்பத்தியே அப்போது அரை இலட்சத்துக்குக் குறைவு. ஜப்பானியத் தொழில்நுட்பமும் எரிபொருள் சிக்கனமும் வந்தன. ஆனால் வரிசையும் பிரீமியமும் போகவில்லை, வேறு காருக்கு மாறிக்கொண்டன. ஸ்கூட்டரிலும் இதே கதைதான். பஜாஜ் ஸ்கூட்டருக்கு அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டலாம் என்பதால், வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் இருப்பதே அன்று ஒரு பேர பலம்.

முகவருக்கு இக்காலத்தில் விற்பனை என்ற வேலையே இல்லை. பதிவேட்டைப் பராமரித்து, முறை வந்தவரை அழைத்தால் போதும். இன்றைய வாகனக் காட்சிக்கூடத்தில் நாற்காலி போட்டுக் காபி தருவதைப் பார்ப்பவர்களுக்கு, கார் வாங்க வந்தவர் கவுண்டரில் நின்று கெஞ்சிய காலம் நம்ப முடியாததாகத் தோன்றலாம்.

கிடங்கில் நின்ற கார்கள்

1993-இல் கார் உற்பத்திக்கான உரிம முறை நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தேவூ, ஃபோர்டு, ஹூண்டாய் முதலிய நிறுவனங்கள் வந்தன. சென்னையைச் சுற்றி மறைமலைநகரில் ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை தொடங்கின. 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் டாட்டா இண்டிகா அறிமுகமானது. அந்த டிசம்பரில் மாருதி தன் கார்களின் விலையைக் குறைத்தது. விலை ஏறுவதை மட்டுமே பார்த்துப் பழகிய வாங்குவோருக்கு இது புதுமை.

இதற்குப் பிறகுதான் இன்று நாம் அறிந்த பேரம் பிறந்தது. அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள முகவரின் கணக்கைப் பார்க்க வேண்டும். நிறுவனம் கார்களை அனுப்பி அவர் பெயரில் பில் போட்டுவிடும். அவர் வங்கிக் கடனில் அதற்குப் பணம் கட்டுவார். கார் விற்கும்வரை வட்டி ஓடும். எக்ஸ் ஷோரூம் விலையில் அவருக்குக் கிடைக்கும் பங்கு பொதுவாக ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அதிலிருந்தே காட்சிக்கூட வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் போக வேண்டும். ஆனால் மாதம் அல்லது காலாண்டுக்கு இத்தனை கார் விற்றால் ஊக்கத்தொகை என்று நிறுவனம் இலக்கு வைக்கும். இலக்கை எட்ட இரண்டு கார் குறைகிறது என்றால், அந்த இரண்டை நட்டத்துக்கு விற்றாலும் மொத்தக் கணக்கில் அவருக்கு இலாபம். மாதக் கடைசியில் விலை இளகுவதன் காரணம் இதுவே.

டிசம்பர் தள்ளுபடிக்குக் காரணம் வேறு. பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இடம்பெறும். டிசம்பரில் செய்த கார் சனவரி முதல் தேதியில் 'போன வருட வண்டி' ஆகிவிடும். மறுவிற்பனையில் ஓராண்டு மதிப்பு குறையும். நீண்ட நாள் வைத்து ஓட்டுபவருக்கு இந்தக் குறை பொருட்டில்லை, தள்ளுபடி முழுக்க இலாபம். மூன்றாண்டில் மாற்றுபவருக்கோ, இன்று கிடைத்த தள்ளுபடி அன்று கைவிட்டுப் போகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே டிசம்பர் சலுகை விற்கப்படுகிறது.

சட்டமும் சில நேரம் ஒரே இரவில் பேரத்தைப் புரட்டிப்போட்டிருக்கிறது. 2017 மார்ச் 29 அன்று, பி.எஸ். 3 மாசு விதிப்படியான வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அப்போது விற்காமல் கிடந்தவை எட்டு இலட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள். அடுத்த இரண்டு நாள்களில் முகவர்கள் ஆயிரக்கணக்கில் விலை குறைத்து விற்றனர். ஒரு தலைமுறைக்கு முன் ஸ்கூட்டருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அதே நாட்டில் நடந்தது இது.

பேரம் ஒளிந்துகொள்ளும் இடங்கள்

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து விரல் பிடித்து விலை பேசுவர். சுற்றி நிற்பவருக்கு எண் தெரியாது, பேசும் இருவருக்கும் தெரியும். கார் விற்பனையில் துண்டுக்குள் இருக்கும் எண் வாங்குபவருக்கும் தெரியாது. முகவர் அடக்க விலையும், அவருக்கு நிறுவனம் பின்னால் தரும் ஊக்கத்தொகையும் பில்லில் வருவதில்லை.

இதே சிக்கலுக்கு அமெரிக்கா 1958-இல் ஒரு சட்டம் இயற்றியது. முகவர்கள் விலையை முதலில் ஏற்றிவைத்து, பிறகு பெருந்தன்மையாகக் குறைப்பதுபோல் நடித்ததே அதற்குக் காரணம். செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த அந்தச் சட்டத்தின்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் நிறுவனம் பரிந்துரைக்கும் விலை, ஒவ்வொரு கூடுதல் கருவியின் விலை, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே அச்சிட்டு ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுத்தாளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இந்தியக் காரின் கண்ணாடியில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே வாங்குபவர் கையில் கிடைப்பது முகவர் தரும் 'ஆன் ரோடு' விலைப் பட்டியல் மட்டுமே.

அந்தப் பட்டியலில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகின்றன. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 2016 சூன் முதல் வசூலிக்கப்படும் ஒரு சதவீத வரிப் பிடித்தமும் அவ்வாறே. அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவற்றில் பேச இடமில்லை. பேரம் உண்மையில் நடப்பது மற்ற வரிகளில். அவற்றுள் பெரியது காப்பீடு. எக்ஸ் ஷோரூம் விலையில் தள்ளுபடி கொடுத்த முகவர், காப்பீட்டுத் தரகிலும் கடன் தரகிலும் அதை மீட்டுக்கொள்ள முடியும். காப்பீட்டை எங்களிடமே எடுக்க வேண்டும் என்று முகவர்கள் வற்புறுத்துவதாக எழுந்த புகார்களின் பின்னணியில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் முகவர்களுக்கான வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. வாங்குபவர் தாம் விரும்பும் நிறுவனத்தில் காப்பீடு எடுக்கலாம். அவ்வாறு சொன்னதும் 'அப்படியானால் அந்தத் தள்ளுபடி கிடையாது' என்ற பதில் வருமானால், தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்ற பெயரில் சில ஆயிரங்களைச் சேர்ப்பதும் நெடுநாள் வழக்கம். காரை ஆலையிலிருந்து கொண்டுவந்து துடைத்து நிறுத்தும் செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடங்கியது என்பதால், கேள்வி கேட்டவர்களுக்கு அது பெரும்பாலும் நீக்கப்படுகிறது. கேட்காதவர்கள் கட்டுகின்றனர். பழைய காரை மாற்றிக் கொடுப்பது மூன்றாவது இடம். புதிய காரில் இருபதாயிரம் குறைத்து, பழைய காரை முப்பதாயிரம் குறைவாக எடுத்துக்கொண்டால் வாங்குபவர் மகிழ்ச்சியுடனேயே ஏமாறுகிறார். இரண்டு விலையையும் தனித்தனியே பேசுவதே அனுபவமுள்ளோர் வழக்கம். தரைவிரிப்பு, இருக்கை உறை போன்ற இலவசங்களில் முகவர் தாராளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அவற்றின் பட்டியல் விலைக்கும் அடக்க விலைக்கும் இடைவெளி அதிகம்.

தள்ளுபடிக்கு விதிக்கப்பட்ட தடை

பேரம் முற்றியபோது முகவர்கள் ஒருவரையொருவர் வெட்டி விற்கத் தொடங்கினர். ஒரே நகரில் ஒரே நிறுவனத்தின் ஐந்தாறு காட்சிக்கூடங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் விலைத்தாள் வாங்கி அடுத்ததில் காட்டுவது வாங்குபவரின் வழி. நிறுவனங்கள் இதை விரும்பவில்லை. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4)(e) பிரிவோ இதற்கு நேர் எதிரானது. விற்பவர் குறிக்கும் விலையிலேயே மறுவிற்பனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, அதைவிடக் குறைவாகவும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, மறுவிற்பனை விலைப் பேணல் ஆகும். அதனால் சந்தைப் போட்டி பாதிக்கப்பட்டால் அது சட்டமீறல்.

2017 சூன் 14 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஹூண்டாய் நிறுவனத்துக்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முகவர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. புகார் செய்தவர்கள் முகவர்களே. ஆனால் 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை நீக்கிவிட்டது. விசாரணை அதிகாரியின் அறிக்கையை ஆணையம் தானே எடைபோடாமல் ஏற்றது என்பது தீர்ப்பாயத்தின் குறை.

அடுத்து வந்தது மாருதி வழக்கு. 2017-இல் பெயர் குறிப்பிடாத முகவர் ஒருவரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் அது தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 23 அன்று ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் கண்டவை கதைபோல் இருக்கின்றன. அனுமதித்ததைவிட ஒரு ரூபாய் கூடுதலாகவோ, ஓர் இலவசப் பொருள் கூடுதலாகவோ முகவர் தருகிறாரா என்று பார்க்க, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பும் முகமைகள் அமர்த்தப்பட்டிருந்தன. அவர்கள் பேரம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவர். பிடிபட்ட முகவருக்கு அபராதம். அவருக்கு மட்டுமன்றி, விற்பனைப் பணியாளருக்கும் காட்சிக்கூட மேலாளருக்கும் தனித்தனியே அபராதம். அந்தப் பணத்தை எங்கே கட்ட வேண்டும் என்பதையும் நிறுவனமே சொன்னது. விலைக்கட்டு முகவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்ற நிறுவனத்தின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. நாட்டில் விற்கும் கார்களில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு நிறுவனத்துடையது என்பதால் பாதிப்பு பெரிது என்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்து, அபராதத்தில் பத்து சதவீதத்தைச் செலுத்தும் நிபந்தனையுடன் இடைக்காலத் தடை பெற்றது.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. விலைப்போட்டியில் முகவர் இளைத்தால் பணிமனையும் சேவையும் இளைக்கும் என்பது வணிக உலகின் பழைய வாதம். ஆயினும் கூடுதல் தள்ளுபடி கேட்டவரிடம் 'முடியாது சார்' என்று சொன்ன விற்பனைப் பணியாளரின் மறுப்பு, எதிரில் இருப்பவர் வேடமிட்டவரோ என்ற அச்சத்திலிருந்தும் வந்திருக்கக்கூடும். வாங்க வந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

பேரமில்லா விலை

2021-இலும் 2022-இலும் சில்லுத் தட்டுப்பாட்டால் உற்பத்தி குறைந்தபோது பழைய காலம் சிறிது எட்டிப்பார்த்தது. 2022 சூலை 30 அன்று மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் காருக்கு அரை மணி நேரத்தில் ஒரு இலட்சம் பதிவுகள் குவிந்தன. சில மாடல்களுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தள்ளுபடி மறைந்தது. விரைவாக வேண்டுமானால் விலை கூடிய வகையை எடுங்கள், துணைக்கருவிகளையும் சேர்த்து எடுங்கள் என்ற பேச்சு காட்சிக்கூடங்களில் மீண்டும் கேட்டது. பிரீமியம் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

இதனிடையே மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் இந்தியாவில் வேறொரு முறையைத் தொடங்கியது. கார்களை முகவர் வாங்குவதில்லை. அவை நிறுவனத்தின் சரக்காகவே இருக்கும். நிறுவனமே வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பில் போடும். காட்சிக்கூடம் நடத்துபவருக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு உண்டு. நாடு முழுவதும் எக்ஸ் ஷோரூம் விலை ஒன்றே. 2025 சூலையில் மும்பையில் முதல் காட்சிக்கூடம் திறந்த டெஸ்லா, இடையில் முகவரே இல்லாமல் தானே விற்கிறது. இம்முறைகளில் மறுவிற்பனை என்ற ஒன்று நடப்பதில்லை. ஆகவே மறுவிற்பனை விலைப் பேணலைத் தடுக்கும் சட்டப்பிரிவுக்கும் அங்கே வேலை இல்லாமல் போகிறது. அங்கே சென்று விலை குறைக்கக் கேட்பவரிடம் பணியாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டுவார். அதன்பின் பேச மிஞ்சுவது, கொண்டுவந்த பழைய காருக்கு என்ன தருவார்கள் என்பதும், காப்பீட்டை எங்கே எடுப்பது என்பதும்தான்.